லாயர் வந்தால் நான் டயர்காரன்

ஸ்க்ரம்ப்ளர் என்பது சேற்றிலும் மண்ணிலும் ஓட்டுவதற்காகச் செய்த மோட்டார் சைக்கிள். இதை எழுதித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் வேலை பார்த்த கடைசிப் பத்துப் பதினைந்து வருடங்களில் என் கைக்கு வந்த பழைய ஸ்க்ரம்ப்ளர்களில் பாதிக்கு மேல் கண்காட்சிக் கம்பளத்தில் நின்றவை. சேறு பட்டால் அவற்றுக்கு மதிப்பெண் குறையும். மீன் வாங்கி, நனைந்துவிடும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டுவது போன்ற பொழுதுபோக்கு அது.

எங்கள் பட்டறையை இப்போது நடத்தும் தம்பிகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, பழைய ஸ்க்ரம்ப்ளர் சேக்குற ஆளுங்க நெறைய வராங்க. அவங்கள எப்படிச் சமாளிக்கிறதுன்னு எழுதிக் குடுங்கண்ணே. சொல்லச் சொன்னா நீங்க சொல்ல மாட்டீங்க" என்றார்கள். உண்மைதான். மூன்று பேர் என்னைச் சுற்றி நின்றால் நான் கீழே விழாத ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிடுவேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன். ஆனால் எழுத வரும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

கோலாலம்பூரில் சாலாக் செலாத்தான் பக்கம் எங்கள் மோட்டார் சைக்கிள் பட்டறை. எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். அவருடைய அப்பா செமினி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் தவுக்கேக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஒரு குறை. அவர் அதைக் கற்றது மண்டோர்கள் ஆட்களை விரட்டும் சத்தத்திலிருந்தும், தொழிலாளர் லயத்துப் பையன்களோடு கோலி விளையாடியதிலிருந்தும். அதனால் அவருடைய தமிழில் 'நீங்கள்' என்ற சொல்லே கிடையாது. டாக்டர், போலீஸ் அதிகாரி, கோயில் தலைவர், யார் வந்தாலும் 'வாடா, உக்காருடா, என்னடா ஆச்சு' தான். கடைசியில் எங்கள் ஊர் 'லா' ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை பட்டறைக்குப் பூசை போட வந்த குருக்களிடம், "ஐயரே, நீ கொஞ்சம் தள்ளி நில்லுடா, பெட்ரோல் இருக்குலா" என்றார். குருக்கள் கற்பூரத்தட்டோடு சாலைக்கே போய்விட்டார்.

பட்டறைக்குள் இரண்டு பக்கங்கள் இருந்தன. வாசலோரம் டயர் பக்கம்: தண்ணீர்த் தொட்டி, டயர் நெம்பும் இரும்பு, ஒட்டுப் போடும் ரப்பர். புதிதாக வருகிறவன் அங்கே குந்தி உட்கார்ந்து, காற்றடைத்த டியூபைத் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழ் வருகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே வெளிச்சம் விழும் இடத்தில் எஞ்சின் மேசை. டயரிலிருந்து மேசைக்குப் போக எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அந்த வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குமிழ் பார்த்தேன், அவ்வளவுதான்.

மேசைக்குப் போன அன்று தவுக்கே சொன்னது ஒரே வாக்கியம். "எஞ்சின் உன் கையால ஜாம் ஆச்சின்னா, நீ திரும்ப டயருக்குப் போலா." எனக்கு முன்னால் மேசையில் இருந்தவருக்கு அப்படித்தான் ஆனது. மறுபடி தொட்டியோரம் குந்திய அந்த மனிதர் அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டார். திருமணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில், வாசலில் எல்லாரும் பார்க்கக் குந்துவது பெரிய தண்டனை. எனக்கு அதைவிடப் பெரியது, அந்த மேசைக்கு வெளியே நான் யாருமில்லை என்பது.

எஞ்சின் திறப்பதற்கு என்று தவுக்கே ஒரு முறை வைத்திருந்தார். கோதுமை மாவுச் சாக்கைத் துவைத்து மேசையில் விரிக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைக்க வேண்டும். ஜாம் ஆன எஞ்சின் என்றால் வண்டிக்காரன் வந்து நின்ற பிறகுதான் திறக்க வேண்டும். முதலில் அவனே கிக்கரை மிதித்து, அசையவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினின் தலை திறந்திருக்கும்போது யாரும் பேசக்கூடாது. எச்சில் தெறிக்கும் என்பார். தவுக்கே பாராட்ட மாட்டார். ஆணியில் மாட்டிய பிளாஸ்டிக் பையிலிருந்து பால் சேர்க்காத கோப்பி ஓவை உறிஞ்சிக்கொண்டே பார்ப்பார். வேலை நன்றாக இருந்தால் உறிஞ்சும் சத்தம் நிற்காது. நின்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

எழுபதுகளில் எங்களிடம் வந்த ஸ்க்ரம்ப்ளர்கள் உழைத்தவை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர்களும் கங்காணிகளும் ஓட்டியவை. செம்மண், ரப்பர் பால், கோழி எச்சம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். திறந்தால் உள்ளே பளபளவென்று இருக்கும். எண்பதுகளில் அவை ஒவ்வொன்றாகத் தோட்டத்து வீடுகளின் பின்பக்கம் சாய்ந்தன. தொண்ணூறுகளில் அவற்றைத் தேடிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கார்கள் புறப்பட்டன. டாக்டர்கள், லாயர்கள், வீடு கட்டி விற்பவர்கள். ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே மந்திரம் 'ஒரிஜினல்'.

சங்கத் தலைவர் லாயர் தர்மலிங்கம். நல்ல உயரம், சலவைச் சட்டை, நீதிமன்றத்தில் பேசும் அதே குரலில்தான் கோப்பி கேட்பார். செமினிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டில், கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு நூற்று இருபத்தைந்து சிசி ஸ்க்ரம்ப்ளரை அவர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்பது அவர் சொல். கோழிகளுக்கு அது அங்கே இருப்பது முன்பே தெரியும்.

லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

"சீட்டுல கிழிசல் இருக்கு பாருப்பா. அதை மாத்தக் கூடாது. ஒரிஜினல் கிழிசல்."

"கோழி கிழிச்சதுடா அது" என்றார் தவுக்கே.

"கோழியும் அந்தக் காலத்துக் கோழிதானே" என்று லாயர் சிரித்தார். தவுக்கே 'டா' போடுவதை அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்வார். "அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான்" என்று எல்லாரிடமும் சொல்வார். தவுக்கேக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் சொல்வார்.

பெட்ரோல் டாங்கி புதுசு போல் பளபளக்க வேண்டும். ஆனால் அதிலிருந்த ஒடுக்கு அப்படியே இருக்க வேண்டும். சைலன்சர் துரு போக வேண்டும்; பழைய நிறம் போகக் கூடாது. இந்த அதிசயங்களையெல்லாம் எங்கள் பெயின்டர் செல்வம் பார்த்துக்கொண்டான். ஒடுக்கைச் சுற்றி அவன் பெயின்ட் அடித்தது, புண்ணுக்குப் பவுடர் பூசியது போல் இருந்தது. லாயர் கண் கலங்கிவிட்டார்.

எஞ்சின் என் பங்கு. பிஸ்டன் உள்ளேயே பிடித்துப்போய், கிக்கர் கல் மாதிரி நின்றது. பிளக் துவாரம் வழியாக மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். தினமும் காலையில் கொஞ்சம் ஊற்றுவேன், கிக்கரைக் கையால் தொட்டுப் பார்ப்பேன், விட்டுவிடுவேன். அவசரப்பட்டு அடித்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் பிளாக் பிளந்துவிடும். ஒருநாள் கிக்கர் அரை விரல் இறங்கியது. அன்று எனக்குச் சோறு இரண்டு தட்டு இறங்கியது. பிறகு பிளாக்கைப் பூடு வட்டாரத்தில் ஒரு கடைசல் கடையில் கடைந்து, அளவு பெரிய பிஸ்டன் போட்டு, பிஸ்டனுக்கும் பிளாக் சுவருக்கும் நடுவில் விட வேண்டிய மயிரிழை இடைவெளியைத் தகடு வைத்துப் பார்த்தேன். அந்த இடைவெளி குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பெருத்து ஜாம் ஆகும். கூடினால் கிழவன் இருமுவது போல் சத்தம் வரும். முதல் உதையிலேயே எஞ்சின் எழுந்தது. தவுக்கேயின் உறிஞ்சும் சத்தம் நிற்கவில்லை.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் பஞ்சு மாற்றிப் பூட்டி அனுப்பினேன். தூசு எஞ்சினுக்குள் போகாமல் தடுப்பது அதுதான். அதை அழுத்திச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ஷா ஆலமில் ஒரு திடலில் சங்கத்தின் கண்காட்சி. நானும் தவுக்கேயும் வேனில் போனோம். வரிசையாக ஸ்க்ரம்ப்ளர்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் சிவப்புக் கம்பளம். நடுவர்கள் என்று இரண்டு பேர், காது குடையும் பஞ்சுக் குச்சியால் சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். டயர் பூக்களில் மண் இருக்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்த்தார். மண்ணில் ஓடப் பிறந்த டயர். பாவம், அதற்கு என்ன தோன்றியிருக்குமோ.

லாயர் வண்டி மாலை போட்டு நின்றது. டாங்கியில் மூன்று பட்டைத் திருநீறு, ஹெட்லைட்டில் சந்தனம், குங்குமம். காலையில் பிரிக்பீல்ட்ஸில் வீட்டு வாசலில் பூசை போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைக் காணோம். கார்பரேட்டரின் பித்தளை வாய் வெயிலில் மின்னிக்கொண்டு திறந்து கிடந்தது. ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தில் அப்படித்தான் இருந்ததாம். லாயரே கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். எஞ்சின் எழுந்தது. வெள்ளைக் கால்சட்டையோடு திடலைச் சுற்றி ஒரு வட்டம், இரண்டு வட்டம். மூன்றாவதில் சத்தம் மாறியது. கரண்டியால் சட்டியைச் சுரண்டுகிற மாதிரி. தவுக்கே என்னைப் பார்த்தார். அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி வழுக்கிப் புல்லில் சாய, லாயர் தனியாகக் கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்தார். காயம் ஒன்றுமில்லை. முந்தின நாள் மழையில் அங்கே சேறு இருந்தது. அந்தக் கண்காட்சி முழுவதிலும் சேறு பட்டது அவருடைய கால்சட்டையில் மட்டும்தான்.

எழுந்ததும் அவர் விரலை என் பக்கம் நீட்டித் தவுக்கேயிடம் கத்தினார்.

"கேப் பத்தல. பிஸ்டன் பிடிச்சிக்கிச்சி. உன் ஆளு என்னைக் கொல்லப் பாத்துட்டான்."

சங்கத்துக்காரர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு கண்களை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் பட்டறையில் எஞ்சினைத் திறந்தோம். லாயரும், அவர் மனைவி புவனா அம்மாவும், சங்கச் செயலாளரும் வந்திருந்தார்கள். சாக்குத் துணி விரித்தேன். லாயர் கிக்கரை மிதித்துப் பார்த்தார். அசையவில்லை. நான் ஸ்பேனரை எடுத்தேன். இடைவெளி குறைந்திருந்தால் அன்றே எனக்குத் தொட்டியோரம்தான்.

"தெரிஞ்ச முடிவுதானேப்பா. ஒத்துக்கிட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம்" என்றார் லாயர்.

"வாயை மூடுடா. தலை தொறந்திருக்குலா" என்றார் தவுக்கே.

இடைவெளி குறைந்து ஜாம் ஆனால் பிஸ்டன் சுற்றிலும் மழுமழுவென்று இழுபட்டிருக்கும். இது அப்படி இல்லை. காற்று உள்ளே வரும் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக நகத்தால் கிழித்தது போல் கோடுகள். எண்ணெயோடு சேர்ந்த சாம்பல் நிறக் களிம்பு வளையங்களுக்குள் அப்பியிருந்தது. கார்பரேட்டரைக் கழற்றி அதன் வாயை முகர்ந்தேன். பெட்ரோல் வாசனைக்கு மேலே கோயில் வாசனை. வாசனைத் திருநீறு.

என் மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? நானும் தினமும் குளித்துவிட்டுத் திருநீறு பூசுகிறவன். திருநீறு எஞ்சினைக் கெடுத்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை. தூசு என்று சொன்னால், லாயர் தானே கழற்றியதை மறைத்து, ஃபில்டர் பூட்டாத குற்றத்தை என் மேல் போடுவார்.

"என்னப்பா முழிக்கிற?" என்றார் லாயர்.

"சார்... உள்ள ஒண்ணு... போயிருக்கு சார்."

"என்ன ஒண்ணு?"

நான் தவுக்கேயைப் பார்த்தேன். உறிஞ்சும் சத்தம் நின்றது. அவர் எழுந்து வந்து, கார்பரேட்டர் வாயில் விரலை விட்டு எடுத்தார். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு நிதானமாக அந்த விரலால் தன் நெற்றியில் ஒரு பட்டை இழுத்துக்கொண்டார்.

"உன் சாமித் தூள்டா."

புவனா அம்மாதான் முதலில் பேசினார். அந்த அம்மாள் முகத்தில் கோபமே இல்லை, பெருமைதான். "ஆமா, குருக்கள் ஒரு கை அள்ளித் தூவுனாரு. மேலே மட்டும் போட்டாப் போதுமா? நானே ஒரு ஓட்ட விடாம எல்லாத்துலயும் வெச்சேன். பெரிய வாயா ஒண்ணு இருந்திச்சே, அதுல ரெண்டு தடவ."

செயலாளர் இருமலை அடக்கிக்கொண்டு வெளியே போனார். ஒரு மனிதர் தோற்றுவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு லாயர்களைத் தெரியாது. தர்மலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உலகத்துல எத்தன வண்டிக்குப் பூசை போடுறாங்க? எத்தன வண்டி நின்னுச்சி? சாமி காரியத்துல குத்தம் கண்டுபிடிச்சி உன் ஆள காப்பாத்தப் பாக்குறியா? கேப் கரெக்டா இருந்திருந்தா திருநீறு என்ன பண்ணும்? வர்ற வழியா வந்திருக்கும், போற வழியா போயிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு தவுக்கே. இந்த ஆளு எஞ்சின் மேசையில இருக்கிற வரைக்கும் சங்கத்து வண்டி ஒண்ணுகூட இந்தப் பட்டறைக்கு வராது."

அந்தக் காலத்தில் பட்டறை ஓடியதே பாதி சங்கத்து வண்டிகளால்தான். அது தவுக்கேக்கும் தெரியும், எனக்கும் தெரியும், லாயருக்கு நன்றாகத் தெரியும்.

தவுக்கே என்னைப் பார்க்கவேயில்லை. "சரிடா. இவன் இனிமே டயர்" என்றார்.

லாயர் என் தோளில் தட்டினார். "தப்பா நெனச்சிக்காதப்பா. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

அவர்கள் கார் கிளம்பும்போது நான் தொட்டியோரம் போய் நின்றேன். குந்தவில்லை. முட்டி மடங்கவில்லை. அந்த நிமிடத்தில் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. தவுக்கே மறுபடி கோப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏன்டா இங்க நிக்கிற?"

"நீங்கதானே டயர்னு..."

"அவன் கண்ணுக்கு நீ டயர். அவன் எங்க இருக்கான் இப்ப? போய்ட்டான்லா. செமினி எண்ணெய்ப்பனைக்காரன் வண்டி காலையிலேர்ந்து மேசையில கிடக்கு. அவன் அத ஓட்டிச் சோறு திங்கிறவன். போடா உள்ள."

அப்படியாகத்தான் நான் டயர்காரன் ஆனேன். சங்கத்துக் கார் ஏதாவது வாசலில் திரும்பினால் தவுக்கே "டயர்!" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தொட்டியோரம் குந்திவிடுவேன். செல்வம் பெயின்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, எஞ்சின் மேசைக்குப் பின்னால் போய்ச் சுத்தமான சட்டையோடு நிற்பான். புது எஞ்சின் மெக்கானிக் என்று அவனைத்தான் லாயருக்கு அறிமுகப்படுத்தினார் தவுக்கே. லாயர் வண்டியின் எஞ்சினை மறுபடி கடைந்து பூட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சங்கத்து வண்டிகள் எல்லாம் அப்படித்தான் வந்து போயின.

செல்வத்துக்கு எஞ்சின் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் பேசத் தெரியும்.

"கேப் எவ்வளவு வெச்சிருக்க?" என்பார் லாயர்.

"எவ்வளவு வேணுமோ அவ்வளவு சார்."

"பாத்தியா? இதுதான் அனுபவம்" என்று லாயர் செயலாளரிடம் சொல்வார். பிறகு வாசலில் குந்தியிருக்கும் என் பக்கம் திரும்பி, "நீயும் பாத்துக் கத்துக்கப்பா" என்பார்.

முதல் சில மாதங்கள் எனக்கு அது எரிந்தது. ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவியிடம் எரிந்துவிழுவேன். பிறகு பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்; அந்த இடத்தின் சௌகரியம் பிடிபட்டது. தொட்டியோரம் குந்தியவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. லாயர் போய்விட்டால் மேசை என்னுடையது. ஒருமுறை செல்வம்தான் பொறுக்காமல், "தவுக்கே, நான் சொல்லிடறேன்" என்றான். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். லாயருக்கு உண்மை தெரிந்தால் அவர் என்னோடு பேச ஆரம்பித்துவிடுவார். அது எனக்கு இன்னும் கஷ்டம்.

முட்டி தேய்ந்து வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு லாயர் கடைசியாக வந்தார். தலை நரைத்திருந்தது. அவருடைய ஸ்க்ரம்ப்ளருக்கு அந்த வருடம் சிறந்த எஞ்சினுக்கான கோப்பை கிடைத்திருந்தது. அந்த எஞ்சினை நான் பூட்டிய பிறகு யாரும் ஒருமுறைகூட உதைத்ததில்லை. அதனால்தான் அவ்வளவு சுத்தமாக இருந்தது. கோப்பையைச் செல்வத்தின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். செல்வம் கோப்பையைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, தொட்டிப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான்.

நான் வழக்கம்போல் குந்தி, டியூபைத் தண்ணீரில் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த டியூபில் ஓட்டையே கிடையாது. சங்கத்துக் கார் வரும்போது நான் பிடிப்பதற்கென்றே தவுக்கே வாங்கி மாட்டிவைத்த புது டியூப். லாயர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

"நீ இன்னமும் டயர்தானாப்பா?"

"ஆமா சார்."

"பரவால்ல. எல்லாருக்கும் எஞ்சின் வராது." குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "என்ன, ஓட்டை கெடச்சிச்சா?"

"இன்னும் இல்ல சார். தேடிக்கிட்டு இருக்கேன்."

"நல்லாத் தேடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.